மலைப்பாதையும் டர்போ மோட்டாரும்
கிளட்ச், கியர்ப் பெட்டி ஆகியவற்றை வலுப்படுத்துவது பற்றிய சில விளக்கங்கள்

திருப்பதி நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலையோ சுமார் 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள 690 மீட்டர் ஏற்றத்தை ஒரு மோட்டார் வண்டி அரைமணி நேரத்திற்குள் ஏறிவிடுகிறது. 1944-ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை யாத்திரிகர்கள் நடந்தும் டோலியிலும் சென்ற மலை இது. 1970-களில் இரண்டாவது பாதையும் அமைந்தபின் ஏறுவதற்கு ஒன்றும் இறங்குவதற்கு ஒன்றுமாகப் போக்குவரத்து பிரிக்கப்பட்டது.

இம்மலைப்பாதையில் விழாக் காலங்களில் சென்றவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டிகள் வரிசையாக நின்று, அங்குலம் அங்குலமாக நகரும். அப்போது கருகிய நெடி ஒன்று காற்றில் பரவும். ‘பிரேக் கருகுகிறது’ என்று பலர் நினைப்பார்கள். ஏறும் பாதையில் பிரேக் கருகுவதற்குக் காரணம் இல்லை. கருகுவது கிளட்ச். அந்த நெடி எவ்வாறு உண்டாகிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை அறிந்துகொண்டால், இக்காலத்தில் பலரும் ஆசைப்பட்டுச் செய்யும் ஒரு காரியத்தின் நன்மை தீமைகளும் விளங்கிவிடும். டர்போ பொருத்திய எஞ்சினின் விசையை மேலும் பெருக்கிக் கொள்வதே அக்காரியம்.

டர்போ என்பது யாது?

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் அளவு, உள்ளே செல்லும் காற்றின் அளவைப் பொறுத்தது. சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன்களின் உறிஞ்சலால் மட்டுமே காற்றை இழுத்துக்கொள்கிறது. டர்போ எஞ்சினிலோ, வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் பொருத்தப்பட்ட மற்றொரு விசிறி, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே அதிகக் காற்றைப் பெறும் இந்த யுக்திக்கு ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் பியூக்கி என்னும் பொறியாளர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் ரயில் எஞ்சின்களிலும் முதலில் பயன்பட்ட இது, 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இரு கார்களில் இடம் பெற்றது. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் டீசல் கார்களும் ஜீப் வகை வண்டிகளும் பெரும்பாலும் டர்போ பொருத்தியவையே. 2016-ஆம் ஆண்டில் ஸ்ரீசிட்டியில் தொடங்கப்பட்ட இசுசு தொழிற்சாலையில் தயாரான சரக்கு ஜீப்புகளிலும் டர்போ டீசல் எஞ்சினே உண்டு.

மலைப் பிரதேசத்தில் டர்போவினால் மற்றொரு நன்மையும் உண்டு. 850 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சமவெளியில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்காகக் குறைந்துவிடுகிறது. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்குத் தன் வலிமையை இழக்கும். டர்போ எஞ்சின் இக்குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும்.

இத்தகைய எஞ்சின்களில் காற்றின் அழுத்தத்தையும் எரிபொருளின் அளவையும் ஒரு சிறு மின்னணுக் கணிப்பொறி நிர்ணயிக்கிறது. அதிலுள்ள கட்டளைகளை மாற்றி எழுதினால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமலே எஞ்சினின் முறுக்கு விசை உயர்ந்துவிடும். செய்வது சுலபம், பலனும் உடனே தெரியும். ஆனால் அவ்விசை சக்கரங்களைச் சென்றடையும் வழியில் கிளட்ச், கியர்ப் பெட்டி என்னும் இரு வாயில்கள் இருக்கின்றன. அவை இரண்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிளட்ச் தாங்கும் விசை

எஞ்சினின் முனையில் ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரம் சுழல்கிறது. அதன் முகத்தோடு ஒட்டி, இருபுறமும் உராய்வுப் பொருள் பூசிய மெல்லிய வட்டத் தகடு ஒன்று இருக்கிறது. இதுவே கிளட்ச் பிளேட். இதனை மறுபுறத்திலிருந்து பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தட்டு, வலிமையான வில்லின் துணையால் ஃபிளைவீலின்மீது அமுக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் வில் விலகுகிறது, பிடி தளர்கிறது. பெடலை விட்டால் மீண்டும் பிடிக்கிறது. ஆகவே எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே பற்களோ ஆணிகளோ இல்லை. உராய்வு ஒன்றே அவற்றைப் பிணைக்கிறது.

அந்தப் பிணைப்பு எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை நான்கு எண்களின் பெருக்கத்தால் அறியலாம். உராய்வுப் பொருளின் உராய்வு எண் ஒன்று. வில்லின் அழுத்தம் இரண்டு. உராயும் வளையத்தின் சராசரி ஆரம் மூன்று. உராயும் முகங்களின் எண்ணிக்கை நான்கு.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 கன சென்டிமீட்டர் டர்போ டீசல் எஞ்சின், மாருதி ஸ்விஃப்ட் முதலிய பல கார்களில் பொருத்தப்பட்டு நம் சாலைகளில் பெருவாரியாக ஓடிற்று. 2020-ஆம் ஆண்டில் மாருதி நிறுவனம் டீசல் கார்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டதெனினும், அவ்வண்டிகள் இன்றும் ஏராளமாகப் புழக்கத்தில் உள்ளன. அந்த எஞ்சினின் 75 குதிரைசக்தி வகை 190 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை தருவது. சித்தூரில் ஒருவர் இத்தகைய எஞ்சினின் கட்டளைகளை மாற்றி, விசையை 250-ஆக உயர்த்திக்கொண்டார் என்று கொள்வோம்.

இனி வரும் கிளட்ச் அளவுகள் எந்தக் குறிப்பிட்ட வண்டிக்கும் உரியவையல்ல. கணக்கு விளங்கும்பொருட்டு எடுத்துக்கொண்டவை. உராய்வு எண் 0.3, வில்லின் அழுத்தம் 5,000 நியூட்டன், சராசரி ஆரம் 85 மில்லிமீட்டர், அதாவது 0.085 மீட்டர், உராயும் முகங்கள் 2. இவற்றைப் பெருக்கினால் 255 நியூட்டன்-மீட்டர் கிடைக்கிறது. எஞ்சின் தருவது 190. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே உபரி இருக்கிறது. இந்த உபரி வீணன்று. கிளட்ச் சூடேறும்போது உராய்வு எண் குறையும். அது 0.25-ஆகக் குறைந்தால் கிளட்ச் தாங்குவது 212 மட்டுமே. அப்போதும் 190-ஐத் தாங்கிவிடும். வடிவமைத்தவர்கள் உபரி வைத்ததன் நோக்கம் இதுவே.

விசை 250-ஆக உயர்ந்துவிட்டால் நிலைமை என்ன? குளிர்ந்த நிலையில் 255-க்கு 250. கிளட்ச் பிடித்துக்கொள்ளும்; சமவெளியில் வண்டி உற்சாகமாக ஓடும்; உரிமையாளரும் மகிழ்ச்சி அடைவார். சூடேறியபின் 212-க்கு 250. இப்போது கிளட்ச் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடேறும். சூடேறினால் மேலும் வழுக்கும். சித்தூர்-வேலூர்ச் சாலையில் வாரக்கணக்கில் ஓடியும் தெரியாத குறை, மலைப்பாதையில் அரைமணி நேரத்தில் வெளிப்படுவதன் காரணம் இதுதான்.

வளைவில் நிற்கும் வண்டி

மலையேற்றத்தில் கிளட்ச் எவ்வளவு உஷ்ணத்தை ஏற்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆட்களுடன் 1,300 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் நிற்கிறது. முதல் கியரில், எஞ்சின் நிமிஷத்திற்கு 1,200 சுற்று சுழல, கிளட்ச்சை மெல்ல விட்டு வண்டியை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டுவர வேண்டும். சமதரையில் இவ்வாறு புறப்பட்டால் கிளட்ச்சில் சுமார் 5 கிலோஜூல் உஷ்ணம் உண்டாகும். இச்சரிவில் அது ஏறத்தாழ இரு மடங்காகி, 10 கிலோஜூல் ஆகும். இதை எந்தக் கிளட்ச்சும் எளிதில் தாங்கும்.

ஆனால் பல ஓட்டுநர்கள் வரிசையில் நிற்கும்போது கைப் பிரேக்கைப் போடுவதில்லை. கிளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்து, வண்டி பின்னே உருளாதபடி நிறுத்திக்கொள்கிறார்கள். வண்டி அசைவதில்லை, ஆனால் எஞ்சின் சுழல்கிறது. எஞ்சின் தரும் சக்தி முழுவதும் கிளட்ச்சின் உராயும் முகங்களில் உஷ்ணமாகவே மாறுகிறது. இதே காரில், இதே சரிவில், இவ்வாறு 20 விநாடி நின்றால் உண்டாகும் உஷ்ணம் சுமார் 70 கிலோஜூல். ஒழுங்காக ஏழு முறை நின்று புறப்படுவதால் ஏற்படும் உஷ்ணத்தை ஒரே தடவையில் ஏற்றிவிடுகிறோம். அதில் பாதி மூன்று கிலோகிராம் எடையுள்ள பிரஷர் பிளேட்டுக்குச் சென்றால், அதன் உஷ்ணநிலை 23 டிகிரி உயரும். ஆறுவதற்கு அவகாசமின்றி எட்டு முறை இவ்வாறு நின்றால் 180 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். உராயும் முகத்தில் உள்ள உஷ்ணம் இதனினும் அதிகம். சாதாரண உராய்வுப் பொருள் சுமார் 250 டிகிரிக்கு மேல் தன் பிடிப்பை இழக்கத் தொடங்கும். அதிலுள்ள பிசின் கருகும். வளைவில் நாம் முகரும் நெடி அதுவே.

ஆகவே கிளட்ச்சைக் கெடுப்பதில் விசைப் பெருக்கத்திற்கு ஒரு பங்கும், ஓட்டும் முறைக்கு மற்றொரு பங்கும் உண்டு. வலிமையான கிளட்ச் வாங்க எண்ணுமுன் கைப் பிரேக்கை உபயோகிக்கக் கற்றுக்கொள்வது செலவில்லாத பரிகாரம்.

வலுப்படுத்தும் நான்கு வழிகள்

மேற்கண்ட பெருக்கலில் நான்கு எண்கள் இருந்தன அல்லவா? கிளட்ச்சை வலுப்படுத்தும் வழிகளும் அந்த நான்கே. ஐந்தாவது வழி கிடையாது. விற்பனையாளர் எப்பெயரிட்டு அழைத்தாலும், இவற்றுள் எந்த எண்ணை அவர் மாற்றுகிறார் என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

முதல் வழி, வில்லின் அழுத்தத்தைக் கூட்டுவது. 5,000 நியூட்டனை 6,500 ஆக்கினால் தாங்கும் விசை 331 ஆகும். சூடேறிய நிலையிலும் 276 இருக்கும். 250 நியூட்டன்-மீட்டருக்கு இது போதும். ஆனால் பெடல் கனக்கும். நெரிசலில் அடிக்கடி மிதிக்க வேண்டிய ஓட்டுநரின் கால் ஓய்ந்துபோகும். பெடலின் அழுத்தத்தைத் தாங்கும் பேரிங்கும், ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல்களும் விரைவில் தேயும்.

இரண்டாவது வழி, உராய்வுப் பொருளை மாற்றுவது. பீங்கான் கலந்த பொருளும், உருக்கி இறுக்கிய வெண்கலத் துண்டுகளும் அதிக உராய்வு எண் கொண்டவை. உஷ்ணத்தையும் நன்கு தாங்கும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிகளுக்கு இவை உகந்தவை. ஆனால் இவை மெல்லப் பிடிப்பதில்லை, ‘வெடுக்’கென்று பிடிக்கும். பந்தயத்தில் ஒருமுறை புறப்பட்டால் போதும். மலைப்பாதையின் நெரிசலிலோ நூறு முறை நின்று புறப்பட வேண்டும். அங்கே வண்டி குலுங்குவதும் எஞ்சின் அணைந்துபோவதும் பின்னே உருள்வதும் ஆபத்தானவை. மேலும் ஃபிளைவீலின் முகமும் இவற்றால் விரைவில் தேயும்.

மூன்றாவது வழி, பெரிய விட்டமுள்ள கிளட்ச் பிளேட்டைப் பொருத்துவது. சராசரி ஆரம் 85-லிருந்து 90 மில்லிமீட்டரானால் தாங்கும் விசை 270 ஆகும். பயன் சிறிதாகத் தோன்றினாலும், உராயும் பரப்பும் உலோகத்தின் எடையும் கூடுவதால் உஷ்ணம் பரவ இடம் கிடைக்கிறது. பெடலும் கனப்பதில்லை. அதே தயாரிப்பாளரின் பெரிய எஞ்சினுக்குரிய கிளட்ச், ஃபிளைவீலிலும் உறையிலும் பொருந்துமானால், சாதாரண உபயோகத்திற்கு இதுவே சிறந்த வழி.

நான்காவது வழி, உராயும் முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. இரண்டு பிளேட்டுகள் வைத்தால் முகங்கள் நான்காகும். தாங்கும் விசையும் இரு மடங்காகி 510-ஐ எட்டும். கனரக லாரிகளிலும் பந்தய வண்டிகளிலும் இம்முறை உண்டு. சிறு காரில் இதற்கு இடம் காண்பது அரிது, விலையும் அதிகம்.

இவற்றோடு ஃபிளைவீலைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். பல டர்போ டீசல் வண்டிகளில் ஃபிளைவீல் ஒரே துண்டாக இராமல், இடையே வில்கள் வைத்த இரு பகுதிகளாக இருக்கும். டீசல் எஞ்சினின் அதிர்வுகளை அந்த வில்கள் விழுங்கிவிடுகின்றன. இது பழுதானால் விலை அதிகம் என்று கருதிச் சிலர் ஒரே துண்டாலான ஃபிளைவீலைப் பொருத்திவிடுகிறார்கள். செலவு மிச்சமாகிறது, ஆனால் அதுவரை வில்கள் விழுங்கிய அதிர்வெல்லாம் நேராகக் கியர்ப் பெட்டிக்குச் செல்கிறது. நிற்கும்போது கேட்கும் ‘கடகட’ ஓசை அதன் முதல் அடையாளம்.

கியர்ப் பெட்டியின் நிலை

வழுக்கும் கிளட்ச் ஒருவகையில் கியர்ப் பெட்டிக்குக் காவலன். அளவுக்கு மிஞ்சிய விசை வரும்போது தான் வழுக்கி, பற்களைக் காப்பாற்றுகிறது. கிளட்ச்சை வலுப்படுத்திவிட்டால் அக்காவல் நீங்குகிறது. எஞ்சினின் விசை முழுவதும் பற்சக்கரங்களின்மீது இறங்குகிறது. கிளட்ச் மாற்றிய சில மாதங்களில் கியர்ப் பெட்டி ஓசையிடத் தொடங்குவதன் காரணம் இதுவே.

முதல் கியரின் விகிதம் 3.5 என்று வைத்துக்கொண்டால், 190 நியூட்டன்-மீட்டர் விசை பெட்டியைவிட்டு வெளியேறும்போது 665 ஆகிறது. 250 விசையோ 875 ஆகிறது. பல்லின் அடிப்பாகத்தை வளைக்கும் அழுத்தம் விசைக்கு நேர் விகிதத்தில் உயர்கிறது. அதாவது நூற்றுக்கு 32 பங்கு அதிகம். பேரிங்குகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. உருண்டைப் பேரிங்கின் ஆயுள், சுமையின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும் என்பது பொறியியலில் நன்கு நிலைபெற்ற விதி. 190-ஐ 250-ஆல் வகுத்து, வந்த விடையை மும்மடியாக்கினால் 0.44 கிடைக்கிறது. முழு விசையில் ஓடும் நேரத்தைப் பொறுத்தவரை, பேரிங்கின் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு கூட்டியதற்குப் பெட்டியில் பாதிக்கு மேல் விலை கொடுக்கிறோம்.

கியர்ப் பெட்டியை வலுப்படுத்த என்ன செய்யலாம்? முதலாவது, அதே தயாரிப்பாளர் அதிக விசையுள்ள வண்டிக்கென்று செய்த பெட்டி பொருந்துமா என்று பார்ப்பது. பொருத்தும் துளைகள், கிளட்ச் பிளேட் ஏறும் வரித்தண்டின் பற்கள், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளின் நீளம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இரண்டாவது, பெட்டியைத் திறந்து பேரிங்குகளைப் புதுப்பித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட தரத்து எண்ணெயை ஊற்றி, மாற்ற வேண்டிய தவணையைப் பாதியாக்குவது. மூன்றாவது, கணிப்பொறியின் கட்டளைகளிலேயே முதல் இரண்டு கியர்களில் விசையைப் பழைய அளவிற்குள் கட்டுப்படுத்துவது. புறப்படும்போதும் செங்குத்தான ஏற்றத்திலும் பற்களைக் காக்கும் இம்முறையே அறிவுடைமை.

பந்தய வண்டிகளில் நேர்பற்கள் கொண்ட சக்கரங்களைப் பொருத்துவதுண்டு. சாதாரணக் கார்களில் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். சாய்வுப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்லத் தொடுவதால் ஓசை குறைவு. ஆனால் அவை அச்சுத்தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். நேர்பற்களில் அத்தள்ளுதல் இல்லை. ஆகையால் பேரிங்குகளுக்கும் உறைக்கும் பாரம் குறைவு. ஆயினும் அவற்றின் இரைச்சல் குடும்பத்தோடு செல்வோர் பொறுக்கத்தக்கதன்று.

ஏற்றத்தைவிட இறக்கம் கொடிது

விசைப் பெருக்கத்தைப் பற்றிப் பேசுவோர் ஏற்றத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். உயிருக்கு ஆபத்து விளைவது பெரும்பாலும் இறக்கத்தில். 1,300 கிலோகிராம் எடையுள்ள கார் திருமலையிலிருந்து இறங்கும்போது விடுவிக்கும் சக்தி சுமார் 8,800 கிலோஜூல். அறை உஷ்ணத்தில் உள்ள 26 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இச்சக்தி முழுவதையும் பிரேக்குகளே ஏற்றால் அவை காய்ந்து, பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். அந்த உதவி பிரேக்குகளுக்குக் கிடைக்க வேண்டுமானால், கிளட்ச் பிடித்திருக்க வேண்டும். கியர் நழுவாமல் நிற்க வேண்டும். தேய்ந்த பற்களையுடைய பெட்டியில், ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் கியர் தானே நழுவி விடுவதுண்டு. சமவெளியில் இது ஒரு தொல்லை மட்டுமே. திருமலைப் பாதையிலும், சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில் மொகிலிக் கணவாயிலும், திருப்பதியிலிருந்து மதனப்பள்ளி செல்லும் வழியில் பாகராப்பேட்டைக் கணவாயிலும் இது உயிரைக் குடிக்கக்கூடிய குறை.

மற்றொரு தவறையும் குறிப்பிட வேண்டும். முதல் கியரைப் போட்டுவிட்டுக் கிளட்ச் பெடலை மிதித்தபடியே சரிவில் வேகமாக உருளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்போது எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும், கிளட்ச் பிளேட்டைச் சக்கரங்கள் சுழற்றிக்கொண்டிருக்கும். நாம் எடுத்துக்கொண்ட காரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிஷத்திற்கு 7,100 சுற்றுக்கு மேல் சுழலும். டீசல் எஞ்சினின் உச்ச வேகமே சுமார் 5,000 சுற்றுதான். அந்த வேகத்தில் பிளேட்டின் பூச்சு சிதறிப்போகலாம். பின்னர் பெடலை விட்டாலும் பிடிப்பதற்கு ஒன்றும் இராது.

சட்டத்தின் நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. பழுதான கிளட்ச்சை மாற்றுவது பராமரிப்பைச் சேர்ந்தது. எஞ்சினையே மாற்றுவது அத்தகையதன்று. எந்த மாற்றத்தையும் செய்யுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும் கலந்துகொள்வது நலம். விபத்து நேர்ந்தபின் ஈட்டுத்தொகை பற்றித் தகராறு எழுவதைவிட, முன்னரே கேட்டறிவது மேல்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியவை

கிராமங்களுக்கு ஜீப்பில் செல்லும் களப்பணியாளர்கள் கீழ்க்கண்டவற்றைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். ஆளரவமற்ற ஏற்றச் சாலையில், நான்காவது கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்ஸிலரேட்டரை நன்கு மிதிக்க வேண்டும். எஞ்சினின் சுற்று உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். உயர்ந்த கியரில் எஞ்சின் நெடுநேரம் முழு விசையில் இழுக்க வேண்டியிருப்பதால், வழுக்கல் முதலில் அங்கேதான் தெரியும். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் கசிந்தால் உடனே கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்ட பிளேட்டுக்கு எந்த வில்லும் உதவாது. ஓட்டும்போது பெடலின்மீது காலை வைத்திருக்கலாகாது. கியர் நழுவும் வண்டியைப் பழுது பார்க்காமல் எக்காரணத்தை முன்னிட்டும் மலைப்பாதையில் எடுத்துச் செல்லலாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை

வகுப்பில் இதனை எளிதாக விளக்கலாம். ஒரு புத்தகத்தின் அடியில் உப்புத்தாளை ஒட்டி, வில் தராசினால் மேஜைமீது இழுக்கச் செய்யுங்கள். மேலே மற்றொரு புத்தகத்தை வைத்தால் தராசு காட்டும் அளவு உயரும். இது வில்லின் அழுத்தம். உப்புத்தாளுக்குப் பதில் வழவழப்பான காகிதத்தை ஒட்டினால் அளவு குறையும்; இது உராய்வு எண். பின்பு இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்து, இரு மாணவர்களை எதிரெதிரே இழுக்கச் சொல்லுங்கள். அவர்களால் பிரிக்க இயலாது. உராயும் முகங்கள் பெருகினால் பிடிப்பு எவ்வளவு பெருகும் என்பதை மாணவர்கள் என்றும் மறக்கமாட்டார்கள். கியர் விகிதத்தை விளக்கச் சைக்கிளின் முன் சக்கரப் பற்களையும் பின் சக்கரப் பற்களையும் எண்ணச் செய்தாலே போதும்.

முடிவுரை

2022-ஆம் ஆண்டில் சித்தூர், நெல்லூர் ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி ஜில்லா அமைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆந்திரப் பிரதேச அரசு சாலைப் போக்குவரத்துக் கழகம் திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே மின்சாரப் பஸ்களை ஓட்டத் தொடங்கியது. மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கு விசையையும் தரவல்லது. ஆகையால் அதற்குக் கிளட்ச் வேண்டுவதில்லை. இறங்கும்போது அதே மோட்டார் மின்சாரம் உண்டாக்கும் யந்திரமாக மாறி, பிரேக்குகளின் பாரத்தைக் குறைத்து, சக்தியில் ஒரு பகுதியை பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. கருகிய நெடி படிப்படியாக அம்மலையைவிட்டு நீங்கும் காலம் தொடங்கிவிட்டது எனலாம்.

அதுவரை, டர்போ வண்டியை வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சின், கிளட்ச், கியர்ப் பெட்டி, பிரேக் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்கினால் சங்கிலி வலுப்பெறுவதில்லை. அறுந்துபோகும் இடம்தான் மாறுகிறது. அது வண்டிக் கொட்டகையில் அறுந்தால் செலவு. மலைப்பாதையில் அறுந்தாலோ, வண்டியில் இருப்பவர்களின் உயிர்.